மதினியின் கடற்கரைச் சாலைகள்

பாந்த்ரா ரெக்ளமேஷனில் சாலை கடலோரமாக வளைகிற இடத்தில் மதினி சட்டென்று பிரேக்கைப் பிடித்து இடதுகாலைத் தரையில் ஊன்றினாள். கேரியரில் கட்டியிருந்த இட்லித் தேக்சா, அந்தப் பெரிய அலுமினியப் பாத்திரம், ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் இன்னொரு சைக்கிளில் வந்துகொண்டிருந்த நான், அவள் விழப்போகிறாள் என்று பதறி, என் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தேக்சாவைத் தாங்கிப் பிடித்தேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. மாகிம் குடாவில் தண்ணீர் கரைவரை ஏறி நின்றது. மழை விட்ட செப்டம்பர் மாதத்து விடிகாலை. சூரியன் எங்கள் முதுகுப் பக்கத்துக் கட்டடங்களுக்குக் கீழேதான் இன்னும் இருந்தது. ஆனாலும் அதன் வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலாகப் போய், தூரத்தில் கடல்மேல் நின்ற பாலத்தின் கம்பிகளை மட்டும் தொட்டிருந்தது. தறியில் பாவு இழுத்துக் கட்டியதைப் போல அந்தக் கம்பிகள் மஞ்சளாக மின்னின. கீழே கடல் இன்னும் விழிக்காமல் சாம்பல் நிறத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்கனயாட்டி இருந்துச்சு இது, இம்புட்டு நாளும்?" என்றாள் மதினி.

என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் தாராவிக்கு வந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கடலைக் காணாதவள் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்த யார்தான் திருச்செந்தூர்க் கடலில் கால் நனைக்காமல் இருந்திருப்பார்கள்? ஆனால் பம்பாய்க் கடல் என்பது எங்கேயோ தூரத்தில், ரயிலேறிப் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று என்று அவள் நினைத்திருந்தாள். எங்கள் சந்திலிருந்து சைக்கிளில் அரைமணி கூட ஆகாத தூரத்தில் இத்தனை பெரிய ஒன்று படுத்துக்கிடக்கிறது என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தாராவியில் பிறந்து வளர்ந்த எனக்கே அது சொல்ல வேண்டிய சங்கதியாகத் தோன்றியதில்லை.

"நம்ம ஊர்ல சூரியன் கடலுக்குள்ள இருந்துலா வரும். இங்க பாரு, நம்ம முதுகுக்குப் பின்னால தாராவியில இருந்து வருது" என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி, நாங்கள் வந்த திசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு மறுபடியும் கடலைப் பார்த்தாள். எனக்குத்தான் அவசரம். இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

நாங்கள் அந்தக் காலையில் அங்கே போக நேர்ந்ததற்குக் காரணம் அண்ணனின் கால். எங்கள் வீட்டுத் தொழில் இட்லி. அம்மாவும் மதினியும் விடியுமுன்னே அவித்துக் கொடுப்பார்கள். அண்ணன் அதைத் தேக்சாவில் அடுக்கி, துணி போட்டு மூடி, சைக்கிளின் பின்னால் ட்யூப் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சட்னிக்கும் சாம்பாருக்கும் இரண்டு கேன்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, ஹாண்டிலில் இருக்கும் ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கியபடி பாந்த்ராவுக்குப் போவான். ரெக்ளமேஷன், பாண்ட்ஸ்டாண்ட், கார்ட்டர் ரோடு. அதுதான் அவனுடைய லைன். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு யார் ஜன்னலைத் திறப்பார்கள் என்பதெல்லாம் அவன் மனப்பாடம். கணபதி பண்டிகைக்குச் சில நாள் முன்பு, ஓரமாக நின்ற ஒரு காரின் கதவு திடீரென்று திறந்து, அவன் அதில் மோதி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகினார்கள். நான்கு மாதம் கால் ஊன்றக் கூடாது என்றார் டாக்டர்.

இந்தத் தொழிலில் ஒரு வாரம் முகம் காட்டாவிட்டால் லைன் போய்விடும். வேறொருவர் ஹாரன் அங்கே கேட்க ஆரம்பித்துவிடும். பிறகு போய் உரிமை கொண்டாட முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைக் கூட்டிவந்த மறுநாள், மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மதினி சொன்னாள், "அத்தை, நாளைக்கி நான் வண்டிய எடுக்கேன்."

அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டாள். "நீயா? நம்ம தெருவுல எவளாவது சைக்கிள்ல இட்லி விக்கப் போயிருக்காளா?"

"போனா என்ன? பன்னெண்டாங் கிளாஸ் வரைக்கும் சைக்கிள்லதான பள்ளிக்கூடம் போனேன். சர்க்கார் குடுத்த சைக்கிளு. எதுத்த காத்துல மிதிச்ச காலு இது."

கட்டிலில் கிடந்த அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கடைசியில் என்னையும் கூட அனுப்புவது என்று அம்மா முடிவுசெய்தாள். நான் அப்போது மாட்டுங்காவில் ஒரு கண் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். பத்து மணிக்குப் போனால் போதும். பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மகளிடம் ஒரு சைக்கிள் இருந்தது, அதை வாங்கிக்கொண்டேன். அண்ணனுடையது குறுக்கே பார் வைத்த கனத்த வண்டி. சேலை கட்டி அதில் ஏற முடியாது. என் சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, மதினி வெளியே வந்தபோது தெருக் குழாயடியில் நின்றவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் வண்டியை மெயின் ரோடு வரை உருட்டிக்கொண்டே வந்தாள். பின்பாரத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டே இருந்தது. மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கினாள். நான்காம் முறை வண்டி அவள் சொன்னபடி கேட்டது.

அப்படித்தான் நாங்கள் ரெக்ளமேஷனுக்கு வந்து சேர்ந்தோம்.

அன்று பாண்ட்ஸ்டாண்டில் அவள் முதல் இட்லியை விற்றதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாங்கியவர் நடைபயிற்சிக்கு வந்த ஒரு வயதான மனிதர். பாறைகளைப் பார்த்தபடி கட்டைச் சுவரில் உட்கார்ந்து அவர் தின்பதை மதினி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன மதினி என்றேன். "பதினோரு வருசமா அவிக்கேன். யாரு திங்கான்னு இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள்.

ஒரு மாதத்துக்குள் மதினிக்கு என் துணை தேவையில்லாமல் போயிற்று. துணைக்கு என்று போனவள், வேடிக்கைக்கு என்று போகத் தொடங்கினேன். மதினிக்கு அந்த வழி முழுவதும் புதுமைதான். தாராவியைத் தாண்டியதும் லிங்க் ரோட்டின் ஓரமாக ஒரு பெரிய மரக்கூட்டம் வரும். நேச்சர் பார்க் என்று எல்லாரும் அறிந்த இடம்; எல்லாரும் பஸ்ஸில் தாண்டிப் போகிற இடம். விடிகாலையில் அதன் வேலியை ஒட்டிப் போனால் காது அடைக்கும் அளவுக்குப் பறவைச் சத்தம். ஒருநாள் தேக்சா காலியானதும் உள்ளே போய்ப் பார்த்தோம். காவலாளி, ஒரு காலத்தில் அந்த இடம் ஊர்க் குப்பையைக் கொண்டுவந்து கொட்டிய மேடு என்றும், அதன்மேல்தான் இத்தனை மரங்களும் வளர்ந்தன என்றும் ஹிந்தியில் சொன்னார். மதினி நம்பவில்லை. குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள். பிறகு என் மூக்கருகே நீட்டினாள். மழைக்காட்டு வாசனை. மரங்களுக்கு நடுவே நடந்து போனால் ஓரிடத்தில் மித்தி ஆறு தெரியும். சேற்றில் காலூன்றி நிற்கும் சதுப்பு மரங்கள் தெரியும். அவற்றின் மேலே, ஒரு நீலத் துண்டு எறிந்ததைப் போல, மீன்கொத்தி ஒன்று பறந்தது. மறுகரையில் கண்ணாடிக் கட்டடங்கள். இந்தப் பக்கம் எங்கள் தகரக் கூரைகள். நடுவில் இந்தக் காடு. "குப்பைக்கு மேலயா?" என்று அவள் வீடு வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்ட்ஸ்டாண்டில் வேறு ஒரு கூட்டம் வரும். மெலிந்த சக்கரங்கள் வைத்த வண்டிகளில், தலையில் ஹெல்மெட்டும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக, இருபது முப்பது பேர் சர்ரென்று வந்து இறங்குவார்கள். நல்ல பசியோடு வருவார்கள். அவர்களில் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் இருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மதினி அவருக்கு ஹெல்மெட் ஆன்ட்டி என்று பேர் வைத்தாள். அந்த அம்மாள் ஒருநாள் எங்கள் வண்டியைத் தன் இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தார். சக்கரம் தரையை விட்டு அசையவில்லை. இதைத் தினமும் எங்கிருந்து மிதித்துக்கொண்டு வருகிறாய் என்று ஹிந்தியில் கேட்டார். தாராவி என்றாள் மதினி. இதுவரை வந்தவள் இன்னும் மேலே போனதில்லையா என்று அவர் கேட்டார். மேலே என்ன இருக்கிறது என்று மதினி கேட்டாள்.

அவர் ஒரு காகிதத் தட்டை வாங்கித் திருப்பி, பேனாவால் கோடு போட்டார். கடல் எப்போதும் உன் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும், அதுதான் அடையாளம் என்றார். கார்ட்டர் ரோடு, ஜூஹு, வெர்சோவா. அங்கே சாலை முடிந்துவிடும். பயப்படாதே, படகு இருக்கிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். அக்கரையில் மட் தீவு. அங்கிருந்து மார்வே. மறுபடியும் படகு. மனோரி, கொராய். கோடு தட்டின் விளிம்பு வரை போய் நின்றது. மதினி அந்தத் தட்டை மடிக்காமல், சட்னி படாமல், தேக்சாவின் மூடிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்கெல்லாம் இட்லி தீர்ந்துவிட்டது. எங்கள் இருவருக்கென்று ஒதுக்கிய பத்துப் பன்னிரண்டு மட்டும் அடியில் கிடந்தன. மதினி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. "வா" என்றாள். அவ்வளவுதான்.

வெர்சோவாவில் படகில் ஏறும்போது எங்கள் வண்டியைப் பார்த்துப் படகுக்காரர் சிரித்தார். மீன்கூடைகளுக்கும் ஒரு மோட்டார் பைக்குக்கும் நடுவில் அதையும் என் சைக்கிளையும் சாய்த்து வைத்தோம். ஓடைவாயைக் கடக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் பம்பாய் எங்களை விட்டு நீங்கியது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பின்னால் மாடிகளும் ஹாரன் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தன; முன்னால் தென்னையும் ஓட்டுக் கூரைகளும் கொடி கட்டிய மீன்பிடிப் படகுகளும் பெருத்தன. இறங்கியதும் காய்கிற மீனின் வாடை. மூங்கில் பந்தல்களில் பொம்பில் மீனை வரிசை வரிசையாக, இரண்டிரண்டாக வாயோடு வாய் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் அவை கண்ணாடி போல ஒளி ஊடுருவத் தெரிந்தன. கீழே உட்கார்ந்திருந்த கோளி மீனவப் பெண் ஒருத்தி தேக்சாவைப் பார்த்துவிட்டு இட்லி கேட்டாள். மதினி நான்கு கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அந்தப் பெண் ஒரு கொத்துக் கருவாட்டை எடுத்து எங்கள் ஹாண்டிலில் கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த சாலையை என்னவென்று சொல்வது? இரண்டு பக்கமும் ஆல மரங்களும் மழைமரங்களும் தலைக்கு மேலே கைகோத்திருந்தன. வெயில் சல்லடை வழியே விழும் மாவைப் போல எங்கள் மேல் விழுந்துகொண்டே வந்தது. ஒரு வளைவில் மரங்கள் விலகும். அங்கே கடல், பச்சையும் நீலமுமாக, யாரும் இல்லாமல் கிடக்கும். மறுபடி மரங்கள் மூடும். இன்னொரு வளைவில் இடப்பக்கம் கடலும் வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுப்புக் காடும் இருந்தன. தினமும் எட்டடிக்கு எட்டடி அறையில் அண்ணனின் பிள்ளைகளோடு சேர்த்து ஆறு பேர் படுத்தெழுகிற எனக்கு அந்த அகலத்தை எப்படிப் பார்ப்பது என்றே தெரியவில்லை. கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியாமல் தடுமாறியது. முன்னால் போன மதினி திடீரென்று ஹாரனை அமுக்கினாள். பாம், பாம், பாம். கூப்பிட ஒரு வீடும் இல்லை, வாங்க ஓர் ஆளும் இல்லை. அவள் சும்மா, அந்த வெற்றுச் சாலைக்காக அமுக்கினாள். ஒரு கொக்குக் கூட்டம் சதுப்பிலிருந்து எழும்பியது. மதினி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது படகில் மனோரிக்குப் போய், ஒரு சிலுவைக் கல்லின் நிழலில் உட்கார்ந்து மிச்ச இட்லியைத் தின்றுவிட்டு, வந்த வழியே திரும்பினோம். வீடு சேரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது.

அண்ணன் ஊன்றுகட்டைகளில் சாய்ந்தபடி வாசலில் நின்றான். என்னை அவன் பார்க்கவே இல்லை. "ஏளா, எங்க போய்த் தொலஞ்ச? போன் அடிச்சா எடுக்கல. எனக்கு நடந்த மாதிரி ஒனக்கும் நடந்துட்டோன்னு இங்க உசுர கையில புடிச்சுட்டுக் கெடக்கேன்."

படகில் நனையாமலிருக்கத் தேக்சாவுக்குள் போட்ட போன் அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. மதினி வண்டியைச் சாத்தினாள். முகத்தைக் கழுவினாள். கருவாட்டை ஆணியில் மாட்டினாள். பிறகு அவன் எதிரே வந்து நின்றாள்.

"கடலுக்குப் போனேன். ஏங்க, நீங்க பன்னெண்டு வருசமா அந்த ரோட்டுலதான போனீய? ஒரு நாளாச்சும் வந்து சொன்னீயளா, அங்கன இப்பிடி ஒண்ணு கெடக்குன்னு?"

அண்ணன் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தான். "நான் பாக்கல" என்றான்.

"பாக்கலையா?"

"ரோட்டப் பாத்தேன். குழியப் பாத்தேன். போலீஸ்காரன் நிக்கானான்னு பாத்தேன். மாடியில எந்தக் கை கூப்பிடுதுன்னு பாத்தேன். கடல் ஒரு பக்கம் சத்தம் போட்டுட்டுக் கெடந்துச்சு. திரும்பிப் பாத்ததில்ல."

அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தோம். ஆனால் "திரும்பிப் பாத்ததில்ல" என்ற அந்த வாக்கியத்தை மதினி விடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜனவரியில் டாக்டர் எலும்பு கூடிவிட்டது என்றார். நடக்கலாம், மெதுவாகச் சைக்கிளும் மிதிக்கலாம் என்றார். அண்ணன் சந்தின் முனையில் வண்டியில் ஏறினான். பத்தடி போனான். ஓரமாக ஒரு டாக்ஸி நின்றிருந்தது. அதன் அருகே வந்ததும் இரண்டு கைகளாலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். கால் சரியாகிவிட்டது. கதவு திறந்துகொண்டே இருந்தது அவனுக்குள். தொடர்ந்து ஐந்தாறு நாள் முயன்றான். ஒவ்வொரு நாளும் நின்ற கார் வரைக்கும்தான் போக முடிந்தது. ஆறாம் நாள் வண்டியை உள்ளே சாத்திவிட்டு, "இனி எனக்கு இது இல்ல" என்றான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அதைவிட, மதினி மிதிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது அவனை உள்ளுக்குள் அரித்தது. பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தான். சாப்பாட்டைப் பாதியில் தள்ளினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினி இட்லி அவிக்கவில்லை. வெறும் வண்டியை வெளியே எடுத்தாள். கேரியரில் ஒரு கோணியை மடித்துக் கட்டினாள். "ஏறுங்க" என்றாள்.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. பெண்டாட்டி மிதிக்க, புருஷன் பின்னால் உட்கார்ந்து தெருவோடு போவதா? குழாயடியில் அன்றும் ஆட்கள் நின்றார்கள்.

"இட்லித் தேக்சாவ விட நீங்க கனம் கம்மிதான். ஏறுங்க" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, அதில் வேண்டுதலும் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் என் சைக்கிளில் ஏறி முன்னால் போய்விட்டேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

கலாநகர் சிக்னல் வரை அவன் கண்ணை மூடிக்கொண்டே வந்தான். நிற்கிற ஒவ்வொரு காரையும் கடக்கும்போது மதினி, "இன்னா ஒரு காரு. தாண்டியாச்சு. இன்னா இன்னொண்ணு. அதுவும் தாண்டியாச்சு" என்று பின்னால் கேட்கும்படி சொல்லிக்கொண்டே மிதித்தாள். ரெக்ளமேஷனில் காற்று முகத்தில் அடித்ததும் அவன் கண்ணைத் திறந்தான். அன்று தண்ணீர் வற்றும் வேளை. ஈரமான மணல்திட்டுகள் ஒவ்வொன்றாக மேலெழுந்து வெளிச்சத்தை வாங்கின. நாங்கள் நிற்கவில்லை. பாண்ட்ஸ்டாண்டில் அலைகள் கறுப்புப் பாறைகளில் ஏறி வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தன. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் அண்ணனை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணா! அரே அண்ணா!" என்று கையை ஆட்டிக் கூப்பிட்டாள். எந்தக் கைக்காகப் பன்னிரண்டு வருஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனானோ அந்தக் கை. அவனுக்கு அது கேட்கவில்லை. வாய் சற்றே திறந்திருக்க, அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிப்பாட்டவாங்க?" என்று மதினி மூச்சிரைக்கக் கேட்டாள்.

"வேண்டாம். போ" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எறங்கு. நீ பின்னால ஏறு. நான் மிதிச்சுப் பாக்கேன்" என்றான்.

கார்ட்டர் ரோடு ஓரம் முழுக்கக் கார்கள் நின்றிருந்தன. அவன் அவற்றை விட்டு ஒரு கை அகலம் தள்ளி, மிக மெதுவாக மிதித்தான். மதினி பின்னால் கேரியரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சாலை முடியும் இடத்தில், சதுப்பு மரங்கள் கடலுக்குள் இறங்குகிற இடத்தில், அவன் வண்டியை நிறுத்திச் சாய்த்துவிட்டு, குனிந்து இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டு அழுதான். நாங்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாந்த்ரா லைனை அவன் திரும்பக் கேட்கவில்லை. இன்னொரு வண்டி வந்தது. அவன் லேபர் கேம்ப்பும் மாட்டுங்காவுமாகப் புதிதாக ஒரு லைன் பிடித்தான்; கடற்கரை மதினிக்கு ஆயிற்று. இன்றைக்கும் அப்படித்தான். தெருவில் இப்போது இன்னும் இரண்டு பெண்கள் வண்டி எடுக்கிறார்கள். குழாயடியில் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. ஹெல்மெட் ஆன்ட்டி வருவது நின்றுவிட்டது. மூட்டு வலி என்று கேள்வி. நான் கல்யாணமாகி, நகரின் கிழக்கே கடற்கழிக்கு அக்கரையில், நவி மும்பையில் சான்பாடாவுக்கு வந்துவிட்டேன். அலுவலகம், லிஃப்ட், பூட்டிய கதவுகள். சைக்கிள் இல்லை.

மதினியைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இனிச் சொல்லப்போகிற ஒரு காலைக்காகத்தான்.

போன வருஷம் என் வயிற்றில் தங்கியது நான்காம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்கு முன்பும் ஒன்று அப்படிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் போவார். அவர் போனதும் நான் எழுந்து அதை மூடிவிட்டுப் படுப்பேன். அதற்கு மட்டும்தான் எழுந்தேன். எல்லாரும் போன் செய்தார்கள். எல்லாரும் கடவுளின் சித்தம் என்றார்கள், வயசு இருக்கிறது என்றார்கள். மதினி போன் செய்யவில்லை. அது எனக்கு வலித்தது.

மூன்றாம் வாரம், ஒரு காலை ஏழரை மணிக்குக் கீழே ஹாரன் சத்தம் கேட்டது. பாம், பாம். எங்கள் குடியிருப்பில் இட்லிக்காரர்கள் வருவதில்லை. ஐந்து நிமிஷத்தில் வாசலில் மதினி நின்றாள். சயான், செம்பூர், மான்குர்து என்று மிதித்து, லாரிகளோடு லாரியாக வாஷி பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறாள். முகமெல்லாம் புழுதி. புருவத்தில் உப்பு பூத்திருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்து, "எந்திரி. மொகத்தக் கழுவு. தண்ணி ஏறுது, நேரம் இல்ல" என்றாள்.

என்ன தண்ணீர், எதற்கு நேரம் என்று கேட்கக்கூடத் தெம்பில்லாமல் அவள் பின்னால் உட்கார்ந்தேன். பாம் பீச் ரோட்டில் அவள் மிதித்தாள். வழியில்தான் சொன்னாள். பாலத்தின்மேல் மூச்சு வாங்க நின்றபோது கீழே சேற்றில் என்னவோ ரோஸ் நிறத்தில் கரை நெடுகப் படர்ந்திருந்ததாம். துணி காய்கிறது என்று நினைத்தாளாம். அது நகர்ந்ததாம். பாலத்தில் நின்ற மீன்காரர் ஒருவர், தண்ணீர் ஏறினால் சேறு மூழ்கிவிடும், அப்போது அவை எல்லாம் நெரூல் பக்கத்துச் சதுப்பு ஏரிக்குப் போய்விடும் என்று சொன்னாராம்.

சாலையை விட்டு இறங்கி, உயரமான கட்டடங்களின் பின்னால் ஒரு மண்பாதையில் வண்டியை உருட்டிக்கொண்டு போனோம். புதர்கள் விலகின. நான் நின்றுவிட்டேன்.

ஏரி முழுவதும் பூநாரைகள். ஏரியில் பூநாரைகள் நின்றன என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். தண்ணீர் தெரிந்தால்தானே ஏரி? கரை முதல் கரை வரை இளஞ்சிவப்பாக, வெயில் படும் இடத்தில் வெண்மையாக, நிழலில் செம்மையாக, ஒற்றைக் காலில், வளைந்த கழுத்துகளோடு, ஆயிரக்கணக்கில். மெல்லிய ஒரு முணுமுணுப்பு அந்தக் கூட்டத்திலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய வீட்டில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதைப் போல. ஓரத்தில் ஒரு வரிசை ஒரே சமயத்தில் இறக்கையை விரித்தது. உள்ளே அப்படி ஒரு சிவப்பும் கறுப்பும் ஒளிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அங்கிருந்து என் வீடு ஆட்டோவில் பத்து நிமிஷம். நான்கு வருஷமாகப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன்.

எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, அவர் முன்னால் அழவில்லை. அங்கே, முன்பின் தெரியாத அந்தப் பறவைகளுக்கு முன்னால், கேவிக் கேவி அழுதேன். மதினி என்னைத் தொடவில்லை. சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, வாய் சற்றே திறந்திருக்க, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியது. அவள் திரும்பிப் போக வேண்டிய தூரம் நிறைய. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுவார்கள். மதினி எழுந்து பின்புறத்து மண்ணைத் தட்டிவிட்டு, "போவோமாட்டி?" என்றாள்.

"செத்த இருங்க மதினி" என்றேன் நான். "இன்னும் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்."